பன்னிரண்டாம் மாடியில் மிளகாய் வறுத்த பனிக்காலம்

உங்களில் பாதிப்பேர் இப்போது ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் பக்கம் பெரிய வீடு வாங்கி, கராஜுக்குள் கார் விட இடமில்லாமல் அடுப்பு வைத்திருக்கிறீர்கள். கணவாய்க் கறியும் மீன் பொரியலும் அங்கேதான். வீட்டுக்குள் மணம் வரக்கூடாதாம். போன கிழமை ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வந்த இடத்தில் அப்படி ஒரு கராஜில் நின்று, அடுப்புக்கு மேலே சுழலும் விசிறியைப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டீர்கள். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதில்தான். முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்குத் தெரியாத ரொறன்ரோ. தெருவில் சேலை கட்டிய ஒரு பெண்ணைக் கண்டால் அம்மா வீதியைக் கடந்து போய்ப் பேசுவார். அவர் குஜராத்தி என்றாலும் விடமாட்டார். நாங்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், பன்னிரண்டாம் மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் திரும்ப முடியாத சமையலறை. அந்த வீடு கிடைத்ததே பெரிய பாடு. அப்பா தொலைபேசியில் கேட்கும்போது வீடு இருக்கும். நேரில் போய் நிற்கும்போது, இப்போதுதான் கொடுத்தோம் என்பார்கள். வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கிக்கொண்டேயிருக்கும். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் பத்துப்பேருக்கு மேலே இருந்த மனிதர், இங்கே ஒரு காப்புறுதிக் கம்பனியில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனார். அதற்கும் தினமும் சப்பாத்தைப் பளபளவென்று பொலிஷ் போட்டுக்கொண்டுதான் போவார்.

எங்கள் சமையலறையும் பக்கத்துவீட்டுச் சமையலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அங்கே இருந்தவரை நாங்கள் வீட்டுக்குள் 'சீமாட்டி' என்போம். கட்டடம் திறந்த காலத்திலேயே குடிவந்தவர். சுருட்டிவிட்ட வெள்ளை முடி, முகத்தில் பவுடர், லிஃப்டில் எங்களைக் கண்டால் தரையைப் பார்ப்பார். அவர் காலையில் பன்றி இறைச்சி பொரிப்பார். அந்த மணம் எங்கள் அடுப்புக்கு மேலே, சுவரின் உச்சியில் இருந்த தகர வலை போட்ட சதுர ஓட்டை வழியாக எங்கள் வீட்டுக்குள் வரும். வெள்ளிக்கிழமையும் வரும். அம்மா வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறொன்றும் தொடமாட்டார். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, இந்த நாட்டில் விடிந்தால் இப்படித்தான் மணக்கும்போல என்று தேத்தண்ணி போடுவார்.

எனக்கு அப்போது ஒரு நீலக் கோட்டு இருந்தது. யாரோ போட்டுக் கொடுத்த பழைய கோட்டு, பெரிய மரப்பொத்தான்கள், உள்ளே சிவப்புத் துணி. வகுப்பறைக்கு வெளியே சுவரில் வரிசையாகக் கொக்கிகள். என் கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய கோட்டுகள் ஒவ்வொன்றாக வேறு கொக்கிக்குப் போயின. ஒருத்தி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். ரீச்சர் நல்லவர். என் மனம் நோகக்கூடாது என்று நினைத்து, வரிசையின் கடைசியில், துடைப்பம் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கென்று தனிக் கொக்கி ஒன்றைத் தந்தார். உனக்கு மட்டும் தனி இடம் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் செய்தது நன்மை என்று அவர் சாகும்வரை நம்பியிருப்பார். அந்தத் துடைப்பத்தின் ஈர நாற்றம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தை மாதத்தில் வீட்டில் கறித்தூள் முடிந்தது. ஊரிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்து தந்த ஹோர்லிக்ஸ் போத்தலில் அடி தட்டியது. இப்போது மார்க்கம் ரோட்டில் கடைக்குக் கடை வறுத்த தூள் பொட்டலம் கிடைக்கிறது. அப்போது தூள் வேண்டுமென்றால் நாமே வறுத்து இடிக்க வேண்டும். அம்மா ஸ்ட்ரீட்கார் ஏறி ஜெரார்ட் வீதிக்குப் போய்ச் செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வந்தார். சனிக்கிழமை முற்பகல், அப்பா கூடத்தில் பேப்பர் படிக்க, அம்மா வறுக்கிற இரும்புத் தாச்சியை அடுப்பில் வைத்தார்.

ஊரில் மிளகாய் வறுப்பதென்றால் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். இங்கே வெட்டவெளி பனிக்கு அடியில் கிடந்தது. யன்னல்களைக் குளிர் வராமல் அப்பா பிளாஸ்டிக் தாளால் சுற்றிவர ஒட்டியிருந்தார். மிளகாய் கறுக்கத் தொடங்கியதும் மூவரும் இருமினோம். கண் திறக்க முடியவில்லை. அம்மா என்ன செய்தார் தெரியுமா? புகை போகட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்துவிட்டார். புகையும் சொன்னபடி கேட்டு வெளியே போனது. வெளியே என்பது பன்னிரண்டாம் மாடி நடைபாதை.

கதவுகள் திறந்தன. ஒரு பக்கம் தும்மல், மறுபக்கம் இருமல். யாரோ நெருப்பு மணியை இழுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், கட்டடம் முழுவதும் படியால் இறங்கத் தொடங்கியது. குளிக்கப் போனவர் துவாயோடு, தூங்கியவர் போர்வையோடு. அம்மா அடுப்பை அணைத்தார். ஆனால் தாச்சியை விட்டுவர மனம் இல்லை. சூட்டில் மிளகாய் கரிந்துவிடும், அவ்வளவு தூரம் போய் வாங்கிய மிளகாய். துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, புகைகிற தாச்சியோடு பன்னிரண்டு மாடியும் இறங்கினார். நாங்கள் பின்னால்.

கீழே பனிக்குள் கட்டடமே நின்றது. அம்மா எந்தப் பக்கம் திரும்பினாரோ அந்தப் பக்கத்துச் சனம் விலகி வழிவிட்டது. நெருப்பு எங்கே என்று தேடி வந்த தீயணைப்புக்காரர் தாச்சிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து தும்மினார். குற்றவாளி சாட்சியையும் கையோடு கொண்டுவந்து நிற்கிற வழக்கு அது.

திங்கட்கிழமை கட்டட மனேஜர் அப்பாவைக் கூப்பிட்டார். வருட ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. இன்னொருமுறை மணம் என்று யாராவது முறையிட்டால் புதுப்பிக்கமாட்டோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா மேலே வந்து கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"இனி இந்த வீட்டிலை கறி வைக்கக்கூடாது," என்றார்.

அம்மா அவரைப் பார்த்தார். "எத்தினை நாளைக்கு?"

"சொல்லிறன்தானே. நாங்கள் இஞ்ச இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அப்பதான் எங்களை இருக்க விடுவாங்கள். எத்தினை வாசலிலை போய் நிண்டனான் எண்டு உமக்குத் தெரியாது."

இன்றைக்கு அப்பாவின் வயதைத் தாண்டி நிற்கும்போது அந்த வாக்கியத்தின் பயம் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தம் போடாமல் நட, வானொலியைக் குறை, லிஃப்டில் தமிழ் பேசாதே என்பதோடு இப்போது மூக்குக்கும் பிடிபடாமல் இரு என்பதும் சேர்ந்துகொண்டது.

பிறகு வந்த நாட்களை நாக்கு மறக்கவில்லை. பாண் ரொட்டி, தகரத்தில் அடைத்த தக்காளி சூப், அவித்த உருளைக்கிழங்கு, திரும்பவும் பாண். அப்பா நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சூப்புக்குள் மிளகுத்தூளைக் கொட்டுவார். அம்மா இரண்டு வாய் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். அவருடைய வளையல்கள் தளர்ந்தன. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தந்தது, அவர் சமையலறையில் பாடுவதை நிறுத்தியதுதான். எங்கள் கோட்டுகளை அப்பா ஒவ்வொரு இரவும் பல்கனியில் தொங்கவிடுவார், மணம் போகட்டும் என்று. காலையில் என் நீலக் கோட்டு பலகைபோல விறைத்திருக்கும். கையை மடக்கி உள்ளே நுழைக்கவே சண்டை போட வேண்டும். அப்படி விறைத்த கோட்டைக் கொண்டுபோய்த் துடைப்பத்துக்குப் பக்கத்தில் மாட்டுவேன்.

மாசி மாதம் ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. கட்டடத்தைப் பராமரிக்கிறவர் நின்றார். அவரை எல்லோரும் சூப்பர் என்றுதான் கூப்பிடுவோம். முறைப்பாடு வந்திருக்கிறது, உங்கள் கறி மணம் பக்கத்துவீட்டில் தாங்கமுடியவில்லையாம் என்றார். மேசையில் மூன்று கிண்ணம் தக்காளி சூப் இருந்தது. நடைபாதையில் மணந்தது கோவா, அதுதான் முட்டைக்கோஸ். கீழே யாரோ கோவாவை அவி அவியென்று அவித்திருந்தார்கள். அப்பா மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். சமைக்காத கறிக்கு மன்னிப்புக் கேட்டார்.

கதவு மூடியதும் அம்மா சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

"சமைச்சாலும் என்ர மணம். சமைக்காட்டிலும் என்ர மணமோ?" என்றார். "அப்ப நான் ஏன் பட்டினி கிடக்கிறன்?"

"மெல்லக் கதையுமப்பா."

"இல்லை. இவ்வளவு நாளும் மெல்லத்தான் கதைச்சனான்."

அம்மாவுக்கு அந்த ஊரில் ஒரே ஒரு சிநேகிதி. அடுத்த கட்டடத்தில் இருந்த மதராஸ் அன்ரி. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவர், அம்மாவை அக்கா என்பார். அம்மாவின் தமிழைக் கேட்டு அவரும், அவருடைய தமிழைக் கேட்டு அம்மாவும் சிரித்துக்கொள்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் அங்கே போனபோது அன்ரி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். கோடையில் இறைச்சி வாட்ட விற்கிற கரியில் ஒரு துண்டைக் கம்பிச்சுருள் அடுப்பில் சிவக்க வைத்து, பித்தளைத் தூபக்காலில் எடுத்துச் சாம்பிராணியைத் தூவுவார். எங்கள் வீடுகளிலும் செய்கிற வேலைதான். எங்கள் வீட்டில் அன்றைய நிலைமையில் அதுவும் நின்றுபோயிருந்தது.

அம்மா கதிரையில் சரியாக உட்காரக்கூட இல்லை. "இஞ்ச பாரும், புகை," என்றார்.

"என்னக்கா? ரொம்ப ஆயிடுச்சா?"

"உந்த ஓட்டைக்குள்ளை போகுது."

புகை மேலே எழும்பி, அடுப்புக்கு மேலே இருந்த தகர வலைப் பக்கம் வளைந்து, நூல் இழுத்ததுபோல உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதே கம்பனிக் கட்டடம், அதே வலை, அதே உயரம்.

"அது அதுக்குத்தானே வெச்சிருக்காங்க," என்றார் அன்ரி. "மொட்டை மாடியில பெரிய ஃபேன் ஓடுது, இழுத்துக்கும். உங்க வீட்ல இழுக்காதா?"

அம்மா தூபக்காலை இரவல் கேட்டார். கரித்துண்டும் கேட்டார். கோட்டுப் பொத்தான் போடாமலே என் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் நடந்தார்.

வீட்டில் கரியைச் சிவக்க வைத்து, முக்காலியில் ஏறி நின்று தூபக்காலை வலைக்குக் கிட்டப் பிடித்தார். புகை கொஞ்சம் உள்ளே போனது, பிறகு முகத்துக்கு நேரே திரும்பி வந்தது. சுவரில் காது வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. முக்காலியில் நின்றபடியே சிரித்தார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு.

"பிள்ளை, அந்த மனிசியின்ர பன்றி இஞ்ச வாற வழியாலைதான் என்ர மிளகாய் அங்க போயிருக்கு. ரெண்டும் மேலை போக வழி இல்லை."

அப்பாவிடம் சொன்னபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இதைப் போய்ச் சொன்னால் நாளைக்கே வெளியாலை போ எண்டுவாங்கள்."

"சொல்லாட்டியும் அதைத்தான் சொல்லப்போறாங்கள்," என்றார் அம்மா.

மனேஜர் அடுத்த சனிக்கிழமை காலை சூப்பரோடு வந்தார், முடிவைச் சொல்ல. நடைபாதைச் சத்தம் கேட்டுச் சீமாட்டியும் தன் கதவைத் திறந்துகொண்டு கையைக் கட்டி நின்றார். அப்பா பளபளத்த சப்பாத்தோடு எழும்பி, மன்னியுங்கள் என்று தொடங்கினார். அம்மா அவருடைய தோளில் கை வைத்தார்.

"நீங்கள் கொஞ்சம் இருங்கோ. நான் கதைக்கிறன்."

அம்மாவின் ஆங்கிலத்தை நீங்கள் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் இருந்து இறங்கிவந்த ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியமும் முழுதாக, முற்றுப்புள்ளியோடு வரும். வெளியே பேசினால் சிரிப்பார்கள் என்று வருடக்கணக்கில் அடக்கி வைத்திருந்தார். அன்று பேசினார். "ஐயா, தயவுசெய்து இந்த அம்மாவின் சமையலறையில் போய் நில்லுங்கள். நான் என் சமையலறையில் நிற்கிறேன். என் மகள் உங்களோடு வருவாள்."

மனேஜர் சீமாட்டியைப் பார்த்தார். சீமாட்டி, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல விலகி வழிவிட்டார். அப்படித்தான் நான் முதல்தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். எங்களுடையதைப் போலவே குறுகிய சமையலறை. அடுப்பில் பொரித்த சட்டி இன்னும் சூடாக இருந்தது. மனேஜர், சூப்பர், சீமாட்டி, நான், நாலுபேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். சுவருக்கு அந்தப் பக்கத்தில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

முதலில் ஒன்றும் இல்லை. மனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வலையைப் பார்த்தேன். பிறகு சீமாட்டியின் தகர வலையில் மெல்லிய வெள்ளைப் புகை தலைகாட்டியது. வந்தது, வந்துகொண்டேயிருந்தது. அவருடைய அடுப்புக்கு மேலே இறங்கி, பன்றி இறைச்சிச் சட்டியைச் சுற்றி, மனேஜரின் கழுத்துப்பட்டியைத் தொட்டது. பன்னிரண்டாம் மாடியில் ஒரு வெள்ளைக்காரியின் சமையலறை கோயில்போல மணந்தது.

அம்மா தூபக்காலோடு வாசலில் வந்து நின்றார். சீமாட்டியைப் பார்த்து, அதே முழு வாக்கியங்களில் சொன்னார்: "தினமும் காலையில் உங்கள் இறைச்சியின் மணம் என் சமையலறைக்கு வருகிறது. நான் ஒருநாளும் முறையிடவில்லை. அது உங்கள் சாப்பாடு என்று பேசாமல் இருந்தேன்."

சீமாட்டி வலையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பவுடரையும் மீறி முகம் சிவந்தது. பிறகு மனேஜர் பக்கம் திரும்பினார். இந்தக் கட்டடம் திறந்த காலத்திலிருந்து வாடகை கட்டுகிறேன், ஊர்ப் புகையெல்லாம் என் வீட்டுக்கு வரக் குழாய் போட்டுவிட்டு, அதை இந்தக் குடும்பத்தின் தலையில் கட்டினீர்களா என்று கேட்டார். கேட்டது அந்த மாடி முழுவதுக்கும் கேட்டது. அம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் மனேஜருக்கு அவர் விட்ட டோஸ் எங்களால் விடமுடியாத டோஸ், அதை ரசித்துக்கொண்டு நின்றோம்.

சூப்பர் மொட்டை மாடிக்கு ஏறினார். எங்கள் பக்கத்து விசிறியின் வார் அறுந்து, வாய் பனிக்கட்டியால் அடைத்துக் கிடந்ததாம். எப்போது அறுந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. மணம் என்றவுடன் எங்கள் கதவைத் தட்டுவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது. பின்னேரம் சுவருக்குள் ஒரு உறுமல் தொடங்கியது. அம்மா மூக்குத் துடைக்கும் மெல்லிய தாள் ஒன்றை வலைக்குக் கிட்டக் கொண்டுபோனார். அது கையிலிருந்து பறந்துபோய் வலையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பல நாள் அது அங்கேயே, வென்றவர்களின் கொடிபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒப்பந்தம் வழக்கம்போலப் புதுப்பிக்கப்படும் என்று மனேஜர் கீழே வைத்துச் சொன்னார். அப்பா நன்றி என்று சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். அதை வீட்டில் இரண்டு மூன்றுதரம் சொல்லி மகிழ்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தாச்சியை எடுத்தார். மதராஸ் அன்ரியும் தன் பங்குக்கு மிளகாயோடு வந்திருந்தார். அப்பா பழக்கதோஷத்தில் கோட்டுகளை அள்ளிக்கொண்டு பல்கனிக்குப் போனார்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றார் அம்மா.

அப்பா கோட்டுகளோடு உள்ளே வந்தார். பிறகு அவற்றைத் திரும்பக் கொளுவிவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்தார். கதவு தானாக மூடப் பார்த்தது. தன் கந்தோர்ச் சப்பாத்தில் ஒன்றைக் கழற்றி, அந்தப் பளபளத்த சப்பாத்தை, கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். மிளகாய் கறுத்தது. அம்மா பாடினார். புகை நேரே மேலே போனது. நடைபாதையில் ஒருவரும் தும்மவில்லை. சீமாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இன்றைக்கு ஒன்றும் மணக்கவில்லையே என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஒற்றைச் சப்பாத்தோடு நின்று, "ஓம்," என்று தமிழில் சொன்னார்.

கோட்டுகள் அடுப்புக்கு நாலு அடி தள்ளித் தொங்கினால் விசிறி என்ன செய்யும். திங்கட்கிழமை காலை என் நீலக் கோட்டு மெத்தென்று, சூடாக, வறுத்த மல்லியும் மிளகாயுமாய் மணந்தது. பள்ளிக்கூடத்தில் துடைப்பம் இருந்த மூலைக்கு நான் போகவில்லை. வரிசையின் நட்டநடுவில், எல்லோருடைய கோட்டுகளுக்கும் இடையில் ஒரு கொக்கி இருந்தது. அதில் மாட்டினேன். யாராவது தங்கள் கோட்டை எடுத்துக்கொண்டு போகட்டும், போகிறவர்கள் துடைப்பத்துக்குப் பக்கத்தில் போகட்டும் என்று திரும்பி நின்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. மணி அடித்தது, நான் உள்ளே போனேன்.